பேரேடும் எந்திர மூளையும்

(வரக்காப்பொலையில் தோட்ட எழுதுவினைஞர், ஆசிரியர், சிறு இறப்பர்த் தோட்டக்காரர், விவசாயிகள் ஆகியோர் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



"செயற்கை நுண்ணறிவும் தகவல் முகாமையாளர் தொழிலும்" என்பது இன்று நமக்குத் தரப்பட்டுள்ள பொருள். இது கொழும்பில் குளிரூட்டிய மண்டபத்திலே பேசவேண்டிய பொருளாயிற்றே, வரக்காப்பொலையில் இதற்கென்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கண்டி வீதியிற் செல்வோர் தலகுளி வாங்குவதற்கு இறங்கும் ஊர் என்றுதானே நாடு நம்மை அறியும்! ஆயினும், 1864-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்நாட்டின் முதலாவது புகைவண்டி கொழும்பிலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம், நமக்குப் பக்கத்திலுள்ள அம்பேபுஸ்ஸ என்பதை மறந்துவிடலாகாது. அந்தப் பாதை போடப்பட்டது மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. மலையை நோக்கி வந்த புது எந்திரம் நம் வாசல் வழியாகவே வந்தது. அது யாருக்காக வருகிறது, எதை ஏற்றிச் செல்ல வருகிறது என்று கேட்கும் உரிமை, அந்த வழியிலே குடியிருப்பவர்களுக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

"தகவல் முகாமையாளர்" என்ற பட்டம் புதியது. தொழில் புதியதன்று. தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் எழுதும் கிளாக்கர், மலையில் பேர் போடும் கணக்கப்பிள்ளை, பிறப்பு இறப்புப் பதிவாளர், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தில் கோப்புக் கட்டும் எழுதுவினைஞர், பாடசாலை நூலகர், தொழிற்சங்கத்தின் உறுப்பினர் இடாப்பை வைத்திருக்கும் செயலாளர் ஆகிய எல்லாரும் தகவல் முகாமையாளர்களே. யார் இருந்தார், எந்நாளில் இருந்தார், எவ்வளவு உழைத்தார், அவருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பவற்றை எழுதி, பத்திரப்படுத்தி, கேட்டபோது எடுத்துக் கொடுப்பது இவர்களுடைய கடமை. சிறிய கடமையென்று எண்ணவேண்டாம். இந்தச் சிறிய கடமை செய்யப்பட்ட விதத்தில்தான் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வாழ்வும் தாழ்வும் அடங்கியிருக்கின்றன.

தோட்டத்துத் தமிழிலே "பேர்" என்றால் ஒருவருடைய பெயர் மட்டுமன்று. ஒரு நாட் கூலி. "இந்த மாதம் எத்தனை பேர்?" என்றால் எத்தனை நாட் கூலி என்று பொருள். கொழுந்து நிறை குறைந்தால், பால் அளவு குறைந்தால், "அரைப்பேர்" போடுவார்கள். மனிதனுடைய பெயரும் அவனுடைய கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட கொடுமையை வேறெந்தப் பகுதித் தமிழிலே காண முடியும்? ஏட்டிலே பெயர் விழுந்தால் சோறு, விழாவிட்டால் பட்டினி. ஏட்டை எழுதுகிறவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதை இச்சொல் ஒன்றே காட்டும்.

அதற்கு முன்னர் "துண்டு" என்று ஒன்று இருந்தது. ஒரு கங்காணியும் அவர் கூட்டமும் ஒரு தோட்டத்தைவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின், இவர்களுடைய கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவரிடம் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதமே துண்டு. நூற்றுக்கணக்கான மனிதர்களை ஒரு காகிதத் துண்டில் வைத்துக் கைமாற்றினார்கள். 1921-ஆம் ஆண்டிலேதான் சட்டம் அதை ஒழித்தது. காகிதத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருந்தால் அத்தொகை சரியா பிழையா என்று கேட்க எழுதப் படிக்கத் தெரியாத உழைப்பாளியால் முடிந்ததா? முடியவில்லை. எழுத்து ஒரு பக்கத்தில் இருந்தது. வாழ்க்கை மறுபக்கத்தில் இருந்தது.

பின்னர் வந்தது 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். இந்நாட்டிற் பிறந்தால் மட்டும் போதாது; தந்தையும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்றது அச்சட்டம். பாட்டன் பிறந்ததற்குப் பத்திரம் எங்கே? லயத்திலே பிறந்த பிள்ளையின் பிறப்பை யார் பதிந்தார்? 1949-ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தபோது, மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு இடைவிடாது வசித்ததற்குச் சான்று கேட்டார்கள். 1951 ஆகஸ்டு மாதம் விண்ணப்ப காலம் முடிந்தபோது எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் குவிந்திருந்தன. முடிவில் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. மற்றவர்களெல்லாரும் நேற்று வந்து இறங்கியவர்களா? காடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்! ஆனால் அவர்களிடம் காகிதம் இல்லை. இருந்த காகிதத்திலும் பெயர் ஒத்துவரவில்லை.

இந்தக் கேகாலை மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்லுவோம். நம் அயலிலுள்ள ருவன்வெல்லத் தொகுதியின் வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்கும்படி 1950-இல் கோடகன் பிள்ளை என்ற தமிழர் விண்ணப்பித்தார். அவர் இலங்கைப் பிரசை அல்லர் என்று மறுக்கப்பட்டது. அந்த வழக்கு நீதிமன்றப் படிகளில் ஏறி, 1953-இல் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்று தோல்வியில் முடிந்தது. சட்ட மாணவர்கள் இன்றும் அதை அரசியலமைப்பு வழக்கென்று படிக்கிறார்கள். படிக்கட்டும். நாம் காண்பது வேறு: உலகின் பெரிய நீதிபதிகள் இருந்து தீர்க்கவேண்டி வந்த அந்தப் பெரு வழக்கு, ஓர் இடாப்பில் ஒரு வரியை எழுதுவதா வேண்டாமா என்பதிலே தொடங்கியது.

1964 அக்டோபர் 30-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையொப்பமானது. 9,75,000 பேரை இரண்டு நாடுகளும் பங்கிட்டன. 5,25,000 அங்கே, 3,00,000 இங்கே, மிகுதி 1,50,000 பேரைப் பின்னர் 1974-இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அக்கணக்கிற் சிக்கி எஞ்சியவர்களுக்கு 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை விடிவில்லை. அந்தச் சட்டமும், 1964 அக்டோபர் 30 தொடக்கம் இங்கே நிலையாக வசித்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் என்று, ஏட்டையே கேட்டது.

பழங்கதை பேசுவதற்காக இவற்றையெல்லாம் சொல்லவில்லை. இன்று அந்த ஏடுகளை ஓர் எந்திரம் படிக்கப்போகிறது. படித்துத் தீர்ப்பும் சொல்லப்போகிறது. ஆகையால் ஏடு எப்படி எழுதப்பட்டது என்பதை அறியாமல் எந்திரத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

இந்தச் செயற்கை நுண்ணறிவு என்பது யாது? பூதமும் அன்று, சோதிடரும் அல்லர். கோடிக்கணக்கான பக்கங்களை அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும், ஒரு கிறுக்கலைக் கண்டால் அது எந்த எழுத்தாக இருக்கக்கூடும் என்று ஊகிக்கும் ஆற்றல் அதற்கு வந்திருக்கிறது. ஊகம் என்ற சொல்லை நினைவில் வையுங்கள். அதன் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனாலேதான் அது பிழைவிடும்போது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பிழையையும் அது அதே தெளிவான எழுத்திலே, அதே உறுதியான குரலிலே சொல்லும். 2023-இல் நியூயார்க்கு நகரத்து வழக்கறிஞர் இருவர் இவ்வெந்திரத்தைக் கேட்டு எழுதிய மனுவிலே, என்றுமே நடவாத வழக்குகள் முன்தீர்ப்புகளாகக் காட்டப்பட்டிருந்தன. நீதிபதி தேடிப் பார்த்தார். அப்படி வழக்குகளே இல்லை. 5,000 டாலர் தண்டம் விதித்தார். எந்திரம் பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. இருக்கக்கூடியதைச் சொல்லிற்று, இருந்ததைச் சொல்லவில்லை. ஏடு காப்பவருக்கு உலகத்திலே இதைவிடப் பெரிய வேறுபாடு எது?

எந்திரத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதனால் வரும் நன்மையைச் சொல்லாமல் விடுவது நேர்மையுமாகாது. ஓர் எழுதுவினைஞர் ஆறு மாதம் குந்தியிருந்து பெயர்ப்பட்டியல் எடுக்கவேண்டிய ஐம்பது பழைய இடாப்புகளை, படம் பிடித்துக் கொடுத்தால், சில நாட்களில் அது வாசித்துத் தேடத்தக்க பட்டியலாக்கிவிடுகிறது. சிங்களத்தில் வந்த சுற்றுநிருபத்தைத் தமிழில் இன்ன பொருள் என்று உடனே சொல்லுகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நெருப்பின் நினைவு ஆறாத தமிழர்கள், 2005-இல் "நூலகம்" என்ற மின்னூலகத்தைத் தொடங்கிப் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் பல்லாயிரக்கணக்கிலே படமாக்கி வைத்திருக்கிறார்கள். மலையக ஏடுகளும் அவற்றில் உண்டு. படமாகக் கிடந்தால் பக்கத்தைப் புரட்டித்தான் தேடவேண்டும். எழுத்தாக மாற்றினால் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டவுடனே அப்பெயர் வரும் பக்கமெல்லாம் வந்து நிற்கும். எரிக்க முடியாத நூலகம் என்பது கனவாக இருந்தது. இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இதை வேண்டாம் என்பவர் அறிவுடையவராகார்.

ஆனால் தமிழ் எழுத்தைப் படிப்பதில் அதற்குள்ள இடர்ப்பாடுகளைத் தமிழரே எடுத்துச் சொல்லவேண்டும். வேறு யார் சொல்லுவார்? "ர" என்ற எழுத்தும் காலும் பழைய அச்சிலே ஒன்றுபோலத் தோன்றும். கையெழுத்திலே புள்ளி வைப்பது பலருக்கு வழக்கமில்லை. ணை, லை, னை, றா முதலிய எழுத்துக்கள், 1978-இல் தமிழ்நாட்டரசு சீர்திருத்த எழுத்தை ஏற்பதற்கு முன்னர், வேறு வடிவில் இருந்தன. இவற்றிலெல்லாம் எந்திரம் தடுக்கி விழுகிறது. எழுத்தையாவது பழக்கிவிடலாம். பொருளை என் செய்வது? உலகத்துத் தமிழை ஊட்டி வளர்த்த எந்திரத்துக்குத் தோட்டத்துத் தமிழை யாரும் போதிய அளவு ஊட்டவில்லை. "துண்டு" என்றால் அது தோளிற் போடும் துணியை நினைக்கக்கூடும். "அரைப்பேர்" என்றால் பெயரின் பாதியை நினைக்கக்கூடும். லயத்தை இசையோடு சேர்த்துவிடக்கூடும். ஒரு நூற்றாண்டுத் துயரம் ஒரு சொற்குழப்பமாகிவிடும்!

பெயர்களின் கதை இதனினும் பெரியது. முத்துசாமி என்ற பெயரைப் பிறப்புப் பதிவிலே ஒருவர் ஆங்கிலத்தில் ஒருவிதமாக எழுதினார். செக்ரோலில் வேறொருவர் இன்னொருவிதமாக எழுதினார். ஊழியர் சேமலாப நிதிப் பத்திரத்தில் மூன்றாவது விதம். அதைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதிய அடையாள அட்டையிலே நான்காவது விதம். மனிதர் ஒருவர், ஏட்டிலே நால்வர். சேமலாப நிதிச் சட்டம் 1958-இல் வந்தது. அன்று தொடக்கம் இன்றுவரை, முப்பது நாற்பது ஆண்டு பால்வெட்டி ஓய்ந்த கைகள், தமக்குரிய பணத்தை வாங்குவதற்கு, "இந்தப் பெயருக்குரியவரும் அந்தப் பெயருக்குரியவரும் ஒருவரே" என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலையும் காட்சியை இந்தக் கூட்டத்திற் காணாதவர் யார்? மறுபுறத்திலே, ஒரே தோட்டத்தில் மூன்று மாரியாயிகள் இருப்பார்கள்; தந்தை பெயரும் இருவருக்கு ஒன்றாக இருக்கும். மலையிலே பேர் போடும் கணக்கப்பிள்ளைக்கு யார் எந்த லயம், யாருடைய மருமகள் என்று தெரியும். எந்திரத்துக்கு அது தெரியாது. ஒருவரை நால்வராக்கவும், மூவரை ஒருவராக்கவும் அதனால் முடியும்.

இங்கேதான் இன்றைய பொருளின் உயிர்நிலை இருக்கிறது. பெயரொத்துப் பார்க்கும் இதே எந்திரத்தை, முத்துசாமி என்ற நால்வரும் ஒருவராக இருக்கக்கூடும், அவரைத் தேடி உரிய பணத்தைக் கொடுங்கள் என்று சொல்லும்படியும் பழக்கலாம். பெயர் ஒத்துவரவில்லை, ஐயத்துக்கிடமானது, நிறுத்திவையுங்கள் என்று சொல்லும்படியும் பழக்கலாம். கருவி ஒன்று, ஐயம் எழும்போது அது யார் பக்கம் சாயவேண்டும் என்பதை மனிதன் முடிவு செய்கிறான். கணினிப் பொறியியலாளர் ஒருவர் கொழும்பிலோ பெங்களூரிலோ இருந்து ஓர் எண்ணை மாற்றும்போது அந்த முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. அதை அறியவும் கேட்கவும் வல்லவர் தகவல் முகாமையாளர் ஒருவரே. அவர் தொழில் மாறுகிறது என்பதற்கு இதுவே பொருள்.

முன்னர் அவருடைய நாளின் பெரும்பகுதி எழுதுவதிலும் பிரதி செய்வதிலும் தேடுவதிலும் கழிந்தது. அந்த வேலை குறைந்துவருகிறது. சில இடங்களிலே இல்லாமலே போகும். இளைஞர்களுக்கு இதனால் வேலை போகுமா என்று கேட்கிறார்கள். சில வேலைகள் போகும் என்பதை மறைத்துப் பயனில்லை. வெறுமனே பார்த்துப் பதியும் வேலைக்கு இனி ஆள் எடுக்கமாட்டார்கள். எஞ்சுவது சரிபார்க்கும் வேலை. அது எளிய வேலையென்று நினைப்பவர், நூறு வரி சரியாக இருந்தபின் நூற்றோராவது வரியிலே பிழையைக் கண்டுபிடிக்க முயன்று பார்க்கட்டும். கண் சோரும், மனம், "எந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று சாய்ந்துகொள்ளும். அதுவுமன்றி, பழைய கையெழுத்தைத் தானே படித்துப் பழகாத இளைஞர், எந்திரம் படித்ததைச் சரியென்றோ பிழையென்றோ எதைக்கொண்டு சொல்லுவார்? பிரதி செய்யும் வேலை, படிப்பிக்கும் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பரீட்சகரை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. ஆகையால் எந்திரம் வாங்கும் அலுவலகமெல்லாம், பழைய ஏட்டைக் கையாற் படிக்கும் பயிற்சியையும் இளைஞருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். இதைச் செலவென்று சொல்லுவார்கள். செலவுதான்.

இப்படிக் கவலைப்படுவது மலையகத்தானின் தாழ்வுணர்ச்சி என்று சிலர் சிரிக்கக்கூடும். பணக்கார நாடுகளிலே என்ன நடந்தது என்று பார்ப்போம். பிரித்தானிய அஞ்சலகத்திலே "ஹொரைசன்" என்ற கணக்குப் பொறியைப் புகுத்தினார்கள். பொறி பணம் குறைகிறது என்றது. 1999 தொடக்கம் 2015 வரை 900-க்கு மேற்பட்ட உப தபாலதிபர்கள் களவு செய்தார்கள், பொய்க்கணக்கு வைத்தார்கள் என்று குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிறை சென்றவர் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்டவரும் உண்டு. பிழை பொறியிலே இருந்தது. 2024-இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அத்தண்டனைகளை நீக்கியது. அது செயற்கை நுண்ணறிவுகூட அன்று; வெறுங் கணக்குப் பொறி. ஒல்லாந்திலே பிள்ளைப் பராமரிப்பு உதவி பெறும் குடும்பங்களுள் மோசடிக்காரர் யார் என்று ஊகிக்க ஒரு கணிப்புமுறை வைத்தார்கள். இரட்டைக் குடியுரிமை உடையவர், வெளிநாட்டு வழிவந்தவர் என்பனவெல்லாம் ஐயத்துக்குரிய அடையாளங்களாயின. ஆயிரமாயிரம் குடும்பங்கள் பொய்க் குற்றஞ்சாட்டப்பட்டுக் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகிற்று. குடியுரிமைக் கட்டத்திலே இட்ட ஓர் அடையாளம் குடும்பத்தை அழிக்கும் என்பதை நமக்கு ஒல்லாந்தர் சொல்லித் தெரியவேண்டியதில்லை!

இந்தியாவின் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கைரேகையை வைத்து ஆளை அறியும் முறையிலே, கல்லுடைத்தும் களை பிடுங்கியும் ரேகை தேய்ந்துபோன உழைப்பாளிகளைப் பொறி அறிய மறுத்ததும், அதனாற் பலருக்குப் பங்கீட்டு அரிசி கிடைக்காமற் போனதும் உலகறிந்த செய்தி. நம் நாட்டிலும், இந்தியாவின் உதவியோடு, எல்லாருக்கும் மின்னடையாளம் கொடுக்கும் திட்டம் நடைபெற்றுவருகிறது. இறப்பர்ப் பாலும் அமிலமும் பட்ட விரலிலே, கொழுந்து கிள்ளிக் காய்த்த விரலிலே ரேகை எப்படியிருக்கும் என்பதை அத்திட்டக்காரருக்கு இப்போதே சொல்லிவைக்கவேண்டாமா? 2023-இல் "அஸ்வெசும" உதவித்திட்டம் வந்தபோது, குடும்பங்களின் விபரங்களை எடுத்து, குறிகாட்டிகளின்படி புள்ளியிட்டு, தகுதியுடையவர் பட்டியலை வெளியிட்டார்கள். எதனால் தம் பெயர் விடுபட்டது என்று அறியாத ஏழைகள் நாடெங்கும் மேன்முறையீடு செய்ய வரிசையில் நின்றார்கள். புள்ளி எப்படி வந்தது என்று கிராம உத்தியோகத்தரைக் கேட்டால், "கணினியில் அப்படி வந்திருக்கிறது" என்பதற்கு மேல் அவர்தான் என்ன சொல்லமுடியும்? பதில் சொல்லவேண்டியவரிடமிருந்து பதில் சொல்லும் வல்லமையைப் பிடுங்கிக்கொள்ளும் முறையை முன்னேற்றம் என்று ஏற்க நாம் ஆயத்தமாயில்லை.

விவசாய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏட்டுக்கும் நமக்கும் என்ன உறவு என்று நீங்கள் எண்ணவேண்டாம். 2019 தொடக்கம் இம்மாவட்டத்து இறப்பர் மரங்களிலே புள்ளி விழுந்து இலை உதிரும் நோய் பரவியது; பெஸ்டலோட்டியொப்சிஸ் என்ற பூஞ்சணத்தோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். இன்று கையிலுள்ள தொலைபேசியில் ஓர் இலையின் படத்தை எடுத்து எந்திரத்தைக் கேட்டால், நொடியிலே நோயின் பெயரும் மருந்தும் சொல்லும். மலேசியாவுக்கோ கேரளத்துக்கோ பொருந்திய விடையாகவும் அது இருக்கலாம். வேறு பயிருக்குரிய அளவாகவும் இருக்கலாம். அகலவத்தையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிலையம் இந்நாட்டு மண்ணிலும் மழையிலும் செய்து கண்டதைத் தமிழில் ஒழுங்காக எழுதி வைத்தால்தான், எந்திரமும் அதை எடுத்துச் சொல்லும். ஊட்டாததைக் கறக்க முடியாது என்பதை மாடு வளர்ப்பவருக்குச் சொல்லவேண்டுமா? மலைச்சரிவில் வாழ்கிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 2016 மே மாதத்தில் அரநாயக்காவிலும், புளத்கொஹுப்பிட்டியின் களுப்பான தோட்டத்து லயத்திலும் மண் சரிந்து மனிதர் புதையுண்டதை மறந்தோமா? எந்த லயம் ஆபத்தான சரிவில் இருக்கிறது, அதில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற ஏடு சரியாக இல்லாவிட்டால், எவ்வளவு கெட்டிக்கார எந்திரம் மழையை முன்னறிந்து சொன்னாலும், எச்சரிக்கை எந்த வாசலுக்குப் போகும்? லயத்துக்கு ஒழுங்கான விலாசம் இல்லாமல், கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து கிடந்த காலத்தின் மிச்சம் இன்னும் தீரவில்லை.

சட்டம் நமக்கு எதையும் தரவில்லையா? தந்திருக்கிறது. 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987-இல் பதின்மூன்றாவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சப்ரகமுவையிலே நிருவாக மொழி சிங்களம்தான். ஆயினும், அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரையின்படி, சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் இடத்திலும் ஒரு குடிமகன் அரச அலுவலகத்தோடு தமிழிலே தொடர்புகொள்ளலாம். தான் பார்க்க உரிமையுள்ள இடாப்பின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழிலே கேட்டுப் பெறலாம். எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று இதுவரை சாக்குச் சொன்னார்கள். இனி அந்தச் சாக்கு நில்லாது. எந்திரம் முதல்வரைவைத் தரும், தமிழறிந்த உத்தியோகத்தர் அதைத் திருத்தி ஒப்பமிட்டுத் தரலாம். அந்த உத்தியோகத்தரை நியமியுங்கள் என்பதே நம் கோரிக்கை. திருத்துவாரின்றி எந்திரத் தமிழை அச்சடித்து நீட்டினால், சில அரசாங்கப் பெயர்ப்பலகைகளில் நாம் காணும் தமிழ்க்கொலை நம் பிறப்புப் பத்திரத்திலும் ஏறிவிடும்.

2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஏடுகளை அட்டவணைப்படுத்தி ஒழுங்காக வைத்திருக்கவேண்டும் என்கிறது. அன்று இருந்த பதிவேடுகளைப் பத்தாண்டுக்கும், பின் உண்டாகும் பதிவேடுகளைப் பன்னிரண்டாண்டுக்கும் குறையாமல் காக்கவேண்டும் என்கிறது. கேட்டவருக்குப் பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்திரம் மட்டுமே செய்த முடிவை மனிதர் மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமையை எழுதிவைத்திருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் நாளைத்தான் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். எழுதிய உரிமை பெட்டிக்குள்ளே கிடக்கிறது. பாராளுமன்றத்திலே நம் வாக்கைப் பெற்று அமர்ந்திருப்பவர்கள் இதைப் பற்றி எத்தனை முறை எழுந்து பேசினார்கள் என்று நாம் கேட்பது தவறாகாது.

தோட்ட அலுவலக நண்பர்களே, உங்களிடம் சில வேண்டுகோள்கள். 1972-இலும் 1975-இலும் நிலச்சீர்திருத்தத்தின்போது தோட்டங்கள் கைமாறின. 1992-இல் முகாமை மறுபடியும் கம்பனிகளிடம் போயிற்று. ஒவ்வொரு முறையும் ஏடுகள் எல்லாம் பத்திரமாகக் கைமாறின என்று உங்களில் எவரும் சத்தியம் செய்யமாட்டீர்கள். எஞ்சியவற்றை இனியாவது படமெடுத்து வைக்கச் செய்யுங்கள். படமெடுத்துவிட்டோம், கறையான் அரித்த புத்தகம் எதற்கு என்று மூலத்தை எரிக்கும் மடமைக்கு மட்டும் இடங்கொடாதீர்கள். எந்திரம் பிழையாகப் படித்தது என்று நாட்டவேண்டிய நாளிலே மூலம் ஒன்றே சாட்சி. எந்திரம் வாசித்த வரிக்கு எந்திரம் வாசித்தது என்று குறியிடுங்கள்; மனிதர் ஒப்பிட்டுப் பார்த்த வரிக்குப் பார்த்தவர் ஒப்பமிடட்டும். பெயர் பலவிதமாக இருந்தால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடவேண்டாம். எல்லாவற்றையும் அருகருகே எழுதுங்கள். தொழிலாளியின் சேமலாப விபரத்தையும் மருத்துவக் குறிப்பையும் வழியிலே கிடைத்த இலவச எந்திரத்திலே போட்டுக் கேட்கவேண்டாம். அது எங்கே போய்ச் சேருகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, போடச் சொன்ன மேலதிகாரிக்கும் தெரியாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தோட்டத்துச் சொற்களை, அவற்றின் பொருளோடும் வழக்கோடும், முதியவர்களிடம் கேட்டு உங்கள் மாணவர்களைக்கொண்டு எழுதுவியுங்கள். பால்வெட்டு, பெரட்டு, கைக்காசு, தவறணை என்று நூறு நூறு சொற்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலை மின்னூலகங்களுக்குக் கொடுத்தால், நாளை எந்திரம் செக்ரோலைப் படிக்கும்போது பேர் என்பது கூலி என்று அறிந்து படிக்கும்.

இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்போரில், சேமலாப நிதியிலோ பிறப்புப் பதிவிலோ பெயர் மாறி விழுந்திருப்பவர்கள் பலர் இருப்பீர்கள். தகவல் கோரும் விண்ணப்பப் படிவங்கள் தமிழில் அச்சிட்டு மண்டபத்தின் பின்பக்க மேசையிலே வைக்கப்பட்டிருக்கின்றன. எழுத உதவுவதற்கு ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். அடையாள அட்டையின் பிரதியையும், வீட்டிலே தகரப்பெட்டிக்குள் கிடக்கும் பழைய சம்பளத் துண்டுகள் எத்தனை கிடைத்தாலும் அவற்றையும் எடுத்து வாருங்கள். இன்று கொண்டுவராதவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்துக்கு வரலாம்.